டிராகனை எந்தக் கிளையில் வைப்பது?

கேள்வி: பள்ளிக் கண்காட்சிக்காக விலங்கு வகைப்பாட்டை மர வடிவில் வரைகிறோம். கொமோடோ டிராகன், பறக்கும் டிராகன், கடல் டிராகன் மூன்றையும் ஒரே கிளையில் வைக்கலாமா? கதைகளில் வரும் டிராகனையும் ஊர்வனவற்றில் சேர்க்க வேண்டும் என்று மாணவர்கள் பிடிவாதமாக இருக்கிறார்கள். சேர்க்கலாமா?

பதில்: ஒரே கிளையில் வைக்காதீர்கள். வகைப்பாடு காட்டுவது மரபுவழி உறவை. பெயர் ஒன்றாக இருப்பதால் உறவு வந்துவிடாது. இந்தோனேசியத் தீவுகள் சிலவற்றில் வாழும் கொமோடோ டிராகன் ஓர் உடும்பு. சுமார் 3 மீட்டர் வரை வளரும் இதுவே இன்றுள்ள பல்லியினங்களில் மிகப் பெரியது. பறக்கும் டிராகன் ஓணான் குடும்பத்தைச் சேர்ந்தது. பலர் வீட்டில் வளர்க்கும் தாடி டிராகனும் அப்படியே. ஆகவே இவை மூன்றும் ஊர்வன, ஆனால் குடும்பம் இரண்டு. கடல் டிராகன் மீன். கடற்குதிரைக்கு நெருங்கிய சொந்தம். நீல டிராகன் என்றும் ஒன்று உண்டு. அது ஓடில்லாத கடல் நத்தை, முதுகெலும்பே கிடையாது.

கதை டிராகனுக்கு வருவோம். மாணவர்களின் கேள்வியைத் தள்ளிவிடாதீர்கள், அது மிக நல்ல கேள்வி. படத்தைக் கொடுத்து, கால்களையும் சிறகுகளையும் எண்ணச் சொல்லுங்கள். நான்கு கால், இரண்டு சிறகு என்றால் மொத்தம் ஆறு. தவளை முதல் மனிதன் வரை, நிலத்தில் வாழும் முதுகெலும்பிகள் அனைத்தும் நான்கு உறுப்புகள் கொண்ட மூதாதையின் வழிவந்தவை. பறவைக்கும் வௌவாலுக்கும் சிறகாக மாறியிருப்பது முன்கைதான். பாம்பு கால்களை இழந்திருக்கிறது. ஆனால் கூடுதலாக ஒரு ஜோடி பெற்ற பரம்பரை எதுவும் இல்லை. செதிலும் வாலும் இருந்தும் ஆறு உறுப்பு டிராகன் ஊர்வனவற்றில் பொருந்தாதது இதனால்தான். இரண்டு கால், இரண்டு சிறகோடு வரையப்படும் டிராகன் உடலமைப்பில் எவ்வளவோ மேல்.

நான்கு காலையும் வைத்துக்கொண்டு காற்றில் செல்ல இயற்கை கண்ட வழியைப் பறக்கும் டிராகனிடம் பார்க்கலாம். அதன் விலா எலும்புகள் சில உடலுக்கு வெளியே நீண்டிருக்கும். அவற்றின் மேல் மெல்லிய தோல். மரத்தில் ஒட்டியிருக்கும்போது விலாவோடு மடிந்துகிடக்கும் அந்தத் தோல், தாவியதும் விசிறிபோல் விரியும். அதன் முன்விளிம்பை முன்கைகளால் பற்றிக்கொண்டு அடுத்த மரத்துக்குச் சறுக்கிச் செல்லும். சிறகடித்துப் பறப்பதில்லை. மாணவர்களுக்கு இந்த ஒரு படத்தைக் காட்டினாலே போதும் என்பேன்.

வகைப்பாட்டுக்கு அடித்தளமிட்ட லின்னேயஸும் இதே கேள்வியைச் சந்தித்தவர். 1735-இல் வெளியிட்ட தம் முதல் பட்டியலில், நம்பத்தகாத விலங்குகளுக்கென ஒரு தனிப் பகுதி ஒதுக்கி அதில் டிராகனையும் வைத்தார். அதே ஆண்டு ஹாம்பர்க் நகரில் பெருமையாகக் காட்டப்பட்ட, ஹைட்ரா என்னும் ஏழு தலைக் கதைப் பாம்பை ஆராய்ந்து, மரநாய் போன்ற சிறு விலங்குகளின் தாடைகளையும் பாதங்களையும் பாம்புத் தோலோடு ஒட்டிச் செய்த போலி என்று கண்டுபிடித்தார். பின்னர் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டார். 1758-ஆம் ஆண்டுப் பதிப்பில் ‘டிராகோ’ என்ற பேரினப் பெயர் அந்தச் சின்னஞ்சிறு பறக்கும் பல்லிக்குக் கிடைத்தது. இன்றும் அதுவே அதன் பெயர். கற்பனை உயிர்களுக்குச் சூட்டும் பெயர்களை விலங்கியல் பெயரிடல் விதிகள் ஏற்பதில்லை.

எனவே மரத்துக்கு வெளியே ஒரு கட்டம் போட்டு, அதில் கதை டிராகனை வரையுங்கள். எந்த உறுப்பு எந்த விலங்கை ஒத்திருக்கிறது என்று மாணவர்களையே அம்புக்குறி போடச் சொல்லுங்கள். சீன டிராகனையும் பக்கத்தில் வைத்தால் மானின் கொம்பு, கெண்டை மீனின் செதில், கழுகின் நகம் என்று அம்புகள் பாலூட்டி, மீன், பறவை என்ற மூன்று விலங்கு வகுப்புகளுக்குப் பாயும்.