பொய்யைக் கொட்டினால் பொய்கொட்டோ?

கேள்வி: ஐயா, இங்கிலீசில 'பொய்கொட்' (boycott) பண்ணுறது எண்டு சொல்லுறது எங்கட தமிழ்தானாம். பொய்யெண்டு தெரிஞ்சதைக் கொட்டிவிடுறதுதான் பொய்கொட்டு எண்டு வட்ஸ்அப்பில வந்தது. அப்ப பகிஷ்கரிப்பு எண்ட வடசொல்லை விட்டிட்டு இதையே எழுதலாம்தானே?
- வாசகர் ஒருவர், சுன்னாகம்

பதில்: நல்லாக் கொட்டியிருக்கினம், ஆனா கொட்டினது முழுக்கப் பொய்.

அது ஒரு மனிசன்ர பேர் ஐயா. சாள்ஸ் பொய்கொட், முந்தி ஆமியில இருந்தவர், அயர்லாந்தில மேயோ பகுதியில ஏர்ன் பிரபுவின்ர காணிகளுக்கு ஏஜென்டா இருந்து குத்தகை அறவிட்டவர். விளைச்சல் பிழைச்சுப் போச்சு, குறையுங்கோ எண்டு சனம் கேட்க பிரபு நூற்றுக்குப் பத்துத்தான் குறைப்பன் எண்டிட்டார், அது காணாதெண்டு சனம் மறுக்க, 1880 செப்டெம்பரில இவர் குடிகளைக் காணியை விட்டு எழுப்புறதுக்கு நோட்டீஸ் குடுக்க வெளிக்கிட்டார். அதுக்குக் கொஞ்சநாள் முன்னம்தான் பார்னெல் எண்ட தலைவர் எனிஸ் எண்ட ஊரில நடந்த கூட்டத்தில, ஒரு குடும்பத்தை எழுப்பின காணியைப் போய் எடுக்கிறவனோட ஒருத்தரும் முகங்குடுத்துக் கதைக்கக்கூடாது எண்டு சொல்லியிருந்தவர். சனம் அதை ஏஜென்டிலயே செய்து பாத்துது! வேலையாக்கள் நிண்டிட்டினம், கடைக்காரர் சாமான் குடுக்கேல்லை, தபால் கொண்டு வாற பெடியனும் வரேல்லை. பயிரை எடுக்க காவன், மொனகன் பக்கத்தால 50 பேர் வந்தினம், அவைக்குக் காவலா நூற்றுக்கணக்கில ஆமியும் பொலிசும். சுமார் 500 பவுண் விளைச்சலைக் காப்பாத்த 10,000 பவுண் மட்டில செலவு. டிசெம்பரில ஆள் அயர்லாந்தை விட்டே வெளிக்கிட்டிட்டார், அதுக்குள்ள பேப்பர்காரர் அவற்ற பேரை வினைச்சொல்லா ஆக்கிப்போட்டினம். பிறகு பிரெஞ்சுக்காரரும் ஜேர்மன்காரரும்கூட எடுத்துக்கொண்டினம்.

ஒதுக்கினவையின்ர பேர் இல்லை, ஒதுக்குப்பட்டவற்ற பேர், அதைக் கவனியுங்கோ. எங்கட ஊர்களிலயும் உடுப்பு வெளுக்கிற கட்டாடியை, மயிர் வெட்டுற பரியாரியை மறிச்சு, நன்மை தின்மைக்குப் போகாமல் ஆக்களைத் தள்ளி வைச்சவைதானே (இப்ப கேட்டால் ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாயினம்). அது மேல இருந்தவை கீழ இருந்தவைக்குச் செய்தது, அங்க நடந்தது தலைகீழ்.

உங்களில எனக்குக் கோபம் என்னெண்டால், இந்தச் சொல்லுக்கு வட்ஸ்அப்பில போய் விளக்கம் தேடுறது யாழ்ப்பாணத்து ஆள். 1927இல காந்தியைக் கூப்பிட்ட அதே இளைஞர் கூட்டம்தான், வெள்ளைக்காரர் இலங்கைக்குக் குடுத்த டொனமூர் யாப்பில சுயராச்சியம் இல்லையெண்டு 1931 அரசாங்கசபைத் தேர்தலைப் பகிஷ்கரிச்சது. யாழ்ப்பாணம், ஊர்காவற்றுறை, காங்கேசன்துறை, பருத்தித்துறை, நாலு தொகுதியிலயும் ஒருத்தரும் நொமினேசன் குடுக்கேல்லை. தெற்கில எலெக்சன் நடந்துது, எங்கட கதிரையள் 1934 இடைத்தேர்தல் மட்டும் வெறுமையாக் கிடந்துது. அது புத்தியோ பிழையோ எண்டு இண்டைக்கும் அடிபடலாம், நான் பிழையெண்டுதான் சொல்லுவன், அது வேற கதை.

இங்கிலீசுக்குத் தமிழ் குடுத்த சொல்லு வேணுமெண்டால் சுருட்டு இருக்கு, கட்டுமரம் இருக்கு, மிளகுதண்ணி இருக்கு, ஏன் களவெடுக்கிறியள்? பகிஷ்கரிப்பு வடசொல்லெண்டு உறுத்தினால் புறக்கணிப்பு எண்டு எழுதுங்கோ, கம்பசுப் பெடியளுக்கும் சொல்லிவிடுங்கோ, அவைதான் பகிஷ்கரிப்பெண்ட சொல்லை நிறையப் பாவிக்கினம்.