பேரனோட புட்பால் வருத்தம்

கேள்வி: டெக்சாஸ் யுனிவர்சிட்டில படிக்கிற என் பேரன், "முதல் மேட்ச்லயே ஓஹையோ ஸ்டேட் கூட மோதாம லேசான டீமா பாத்து ஆடியிருந்தா ப்ளேஆஃப் போயிருப்போம் அப்பத்தா"ன்னு போன்ல புலம்புறான். நியாயமா?
- ஒரு வாசகி, தேவகோட்டை

பதில்: அவன் வருத்தம் புரியுது ஆச்சி. அமெரிக்க காலேஜ் புட்பால்ல (முட்டை ஷேப் பந்த கையில தூக்கிட்டு ஓடுறது) சீசனுக்கு 12 மேட்ச், அதுல எட்டு ஒன்பது சொந்த கான்ஃபரன்ஸ் (காலேஜுங்க சேந்து நடத்துற லீக்) டீம்களோட, மிச்சத்துக்கு எதிராளிய காலேஜே முடிவு பண்ணிக்கலாம், நெறைய பேரு சின்ன காலேஜுக்கு பணம் குடுத்து வரவச்சு ஈசியா ஜெயிச்சுக்குவாங்க. 2025ல டெக்சாஸ் ஓஹையோ ஸ்டேட் ஊருக்கே போய் 14-7ன்னு தோத்துச்சு, கடைசில 9 வெற்றி 3 தோல்வி, சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற ப்ளேஆஃபுக்கு ஒரு தேர்வு கமிட்டி எடுக்குற 12 டீம்ல இடமில்ல. ஆனா ஃப்ளோரிடா, ஜார்ஜியா கிட்டயும் தோத்தாங்களே, அதுவும் ஃப்ளோரிடா அந்த சீசன் முழுக்க தடுமாறின டீம், எனக்கு அதுதான் பெரிய அடியா தெரியுது. பெரிய டீம் கூட ஆடுறதுதான் சரி ஆச்சி, சிராவயல் மஞ்சுவிரட்டுல கன்னுக்குட்டிய பிடிச்சவன யாரு வீரன்னு சொல்லுவா? அந்த தேர்வு கமிட்டிதான் இத மதிச்சு மார்க் போடணும், இல்லன்னா எந்த கோச்சும் துணிய மாட்டாங்க. 2026ல இருந்து டெக்சாஸ் இருக்கிற எஸ்இசிங்கிற கான்ஃபரன்ஸ்ல உள் மேட்சே 9, வெளி டீமுக்கு மூணு இடம்தான், அதுலயும் ஒண்ணு மறுபடி ஓஹையோ ஸ்டேட்டுக்கு, இந்த தடவ டெக்சாஸ் டீமோட சொந்த ஊரு ஆஸ்டின்ல.