பழைய சுவாங் மொழிப் புத்தகங்களில் எஸ்ஸைத் திருப்பிப் போட்டது போல வருவது என்ன எழுத்து? கணினியில் எப்படி அடிப்பது?

சுவாங் தென்சீனாவின் குவாங்சியில் பேசும் மொழி. 1957-க்கும் 1982-க்கும் நடுவில் அச்சான குவாங்சிப் புத்தகம் ஒன்றின் ஸ்கேனை வைத்துக்கொண்டு முழிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அது எஸ் இல்லை. சுவாங்கில் குரல் ஏறி இறங்கும் விதத்தை, அதாவது தொனியைப் பொறுத்துச் சொல்லின் பொருள் மாறும். அப்படி உள்ள ஆறு தொனிகளில் இது இரண்டாம் தொனிக்கான எழுத்து. 2 என்ற எண்ணின் சாயலில் செய்தது. அசையின் கடைசியில் நிற்கும். தனக்கென்று ஒலி கிடையாது. குரல் நடுவிலிருந்து அடிமட்டத்துக்கு இறங்க வேண்டும் என்று மட்டும் சொல்லும்.

‘இலத்தீனில் தொனிக்கு எழுத்தே கிடையாது, வியட்நாமியம் மாதிரி மேல்குறிதான்’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: யூனிகோட் பட்டியலில் இதன் பெயரே இலத்தீன் எழுத்து ‘தொனி இரண்டு’தான். பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டும் உண்டு. அசை முடிவில் மட்டும் வருவதால் பெரிய எழுத்து, முழுத் தலைப்பையும் பெரிய எழுத்தில் அடிக்கும்போதுதான் தேவைப்படும்.

முதல் தொனிக்குக் குறியே இல்லை. 5, 6 இரண்டுக்கும் அந்த எண்களைப் போலவே எழுத்து செய்தார்கள். 3-க்கும் 4-க்கும் அப்படிச் செய்யாமல், பார்க்க அந்த எண்கள் போலவே இருக்கும் இரண்டு சிரிலிக் எழுத்துகளை (ரஷ்ய மொழியின் எழுத்துமுறை) எடுத்துக்கொண்டார்கள். தலைவலி இங்கேதான். அவற்றுக்கு இலத்தீன் இடம் யூனிகோடில் இல்லை. சிரிலிக்கையேதான் அடிக்க வேண்டும். அகரவரிசைப்படுத்தினால் அந்தச் சொற்கள் இடம் மாறிப் போகும். சோம்பலில் வெறும் 3, 4 அடித்தவர்களின் கோப்பில் தேடினால் ஒன்றும் சிக்காது.

அடிக்கும் முறை: வேர்டில் நம்லாக் போட்டு, ஆல்ட்டை அழுத்திக்கொண்டு வலப்பக்க எண்பலகையில் 424. பெரிய எழுத்துக்கு 423. ஐந்தாம் தொனி 445, ஆறாம் தொனி 389. சிரிலிக் இரண்டும் 1079, 1095. வேறு மென்பொருளில் இதே எண்ணுக்குச் சம்பந்தமில்லாத குறி வரலாம். இணையப் பக்கம் என்றால் ƨ என்று எழுதுங்கள். கட்டம் தெரிந்தால் எழுத்துருதான் காரணம். டெஜாவூ, ஜென்டியம், சாரிஸ் மூன்றிலும் இருக்கிறது. எழுத்துரு செய்பவர்களே, எஸ்ஸை 180 பாகை சுழற்றாதீர்கள், மறுபடி எஸ்தான் வரும். கண்ணாடியில் பார்ப்பது போல இடவலமாகத் திருப்ப வேண்டும்.

ஸ்கேன் படத்தை எழுத்தாக மாற்றும் ஓசிஆர் மென்பொருள் இதை எஸ் என்றோ 2 என்றோ படிக்கும். அது பரவாயில்லை: சுவாங் அசை எஸ்ஸில் முடிவதே இல்லை, கண்டுபிடித்துவிடலாம். ஆறாம் தொனி எழுத்தை ‘பி’ (b) என்று படிப்பதுதான் விஷமம். ‘பி’யில் முடியும் அசைகள் உண்மையிலேயே உண்டு. ஆறு, அதாவது நதி என்ற பொருளுள்ள ‘தா’, ‘தாப்’ என்று ஆகிவிடும். எந்தச் சொல்திருத்தியும் கத்தாது. அதை ஸ்கேனோடு ஒப்பிட்டுக் கையால்தான் திருத்த வேண்டும்.

1982-இல் இந்த ஐந்தையும் எடுத்துவிட்டு 2-க்கு இசட், 3-க்கு ஜே, 4-க்கு எக்ஸ், 5-க்கு க்யூ, 6-க்கு ஹெச் என்று சாதாரணத் தட்டச்சுக்கு மாற்றினார்கள். பழையதிலிருந்து புதியதற்குக் கண்ணை மூடிக்கொண்டு ‘கண்டுபிடி, மாற்று’ போடலாம். திரும்பிப் போகும்போது ஹெச்சில் மட்டும் போடாதீர்கள். மற்ற நான்கும் அசையின் தொடக்கத்தில் வராது. ஹெச் வரும், அங்கே அது மெய்யெழுத்து. சீனப் பண நோட்டில் வங்கியைக் குறிக்கும் ‘யின்ஹாங்’கில் உள்ள ஹெச்சையும் தொனியாக்கிவிடுவீர்கள்.

நம்மூர் ஸ்லோகப் புத்தகங்களில் க-வுக்குப் பக்கத்தில் சின்னதாக 2, 3, 4 போடுவார்களே, அதை இணையத்தில் நகலெடுத்து ஒட்டுபவர்கள் அந்த எண்களை முழு எண்ணாக்கி, சமயத்தில் அடியோடு தொலைத்தும் விடுகிறார்கள். தொனி எழுத்துக்கு வெறும் 3, 4 அடிப்பதும் அதே அலட்சியம்தான்.

திருத்தியது சரியா என்று பார்க்க ஆறு தொனியும் வரிசையாக வரும் ஒரு வாக்கியம் இருக்கிறது: ‘சோன் முங் ஹுன் மா க்வா தா’, உன்னைக் குதிரையேறி ஆறு கடக்கக் கற்றுத்தருவது. பழைய எழுத்தின் மாதிரி வேண்டுமானால் 1962 முதல் வெளிவந்த மூன்றாம் வரிசை சீனப் பண நோட்டைப் பாருங்கள். அதில் வங்கியின் சுவாங் பெயரில் உங்கள் ‘திரும்பிய எஸ்’ ஐந்து தடவை வரும், ஆறாம் தொனி எழுத்து ஒரு தடவை.