நன்றாகப் பாடும் மகள் பாட்டு டீச்சர் ஆகலாமா?

வணக்கம் அம்மா. உங்கள் மகள் சின்னப் பிள்ளைகளுக்கு இசை சொல்லித் தருவதையே வேலையாக எடுத்துக்கொள்ள ஆசைப்படுவதாக எழுதியிருந்தீர்கள். "பத்து வருடமாகப் பாடுகிறாள், தெரிந்ததைச் சொல்லிக் கொடுத்தால் போதாதா? இதற்குத் தனியாக ஒரு படிப்பு வேண்டுமா?" என்பது உங்கள் கேள்வி. போதாது அம்மா. நான் பார்த்தவரை, இந்த வேலைக்கு வந்து சீக்கிரமே மனம் விட்டுப்போகிறவர்கள் நன்றாகப் பாடத் தெரிந்தவர்கள்தான்.

ஒரு வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்ததைச் சொல்கிறேன். எல்லாம் ஐந்து வயதுப் பிள்ளைகள். ஆசிரியருக்குக் கனத்த, அழகான குரல். தனக்கு வாகான சுருதியில் பாடினார். பாதிப் பிள்ளைகள் பேச்சுக்குரலில் முனகினார்கள், இரண்டு பேர் கத்தினார்கள். பிள்ளைகளுக்குச் சுருதியே நிற்கவில்லை என்று அவர் வருத்தப்பட்டார். அடுத்த வாரம் மூத்த ஆசிரியை ஒருவர் வந்தார். அதே பாட்டைச் சுருதி ஏற்றி, மெல்லிய குரலில் ஒரு வரி பாடி நிறுத்தினார். பிள்ளைகள் திருப்பிப் பாடும்போது வாயைத் திறக்காமல் காது கொடுத்தார். முனகிய பிள்ளைகளின் குரல் அப்போதுதான் வெளியே வந்தது. அந்த வயதுக் குரலுக்குச் சௌகரியமான இடம், மேற்கத்திய ஸ்வரப் பெயர்களில் சொன்னால், கீபோர்டின் நடுவில் உள்ள 'சி'க்கு அடுத்த 'டி' முதல் 'ஏ' வரை, ஏறக்குறைய ஐந்து வெள்ளைக் கட்டைகள். அதற்குக் கீழே பெரியவர் பாடினால் குழந்தை எங்கே போய்ப் பிடிக்கும்?

தாளத்திலும் இதே கதைதான். "தாளம் போடு" என்றால் நாலு வயதுப் பிள்ளை பாட்டின் ஒவ்வொரு எழுத்துக்கும் கை தட்டும். அதைத் தப்பு என்று சொல்லிவிடக் கூடாது, அது கேட்டதைத்தான் தட்டுகிறது. சீராக ஓடும் தாளம் வேறு, அதன்மேல் சொற்கள் விழும் விதம் வேறு என்பதை உடம்பு வழியாகத்தான் உணர்த்த முடியும். முதலில் பிள்ளையை அதன் போக்கில் நடக்க விட்டு, அந்த நடைக்கு நாம் தட்ட வேண்டும். அப்புறம்தான் நம் தட்டலுக்கு அது நடக்கும்.

சரி, எதைப் படிப்பது? உலகெங்கும் பழக்கத்தில் உள்ள வழிகளில் நான்கைத் தெரிந்துகொண்டால் நல்ல அடித்தளம் கிடைக்கும். ஜெனீவாவில் இசை கற்பித்த எமில் ஜாக் டால்குரோஸ் உடல் அசைவு வழியாக லயத்தைக் கொண்டுவந்தார். ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் (1882–1967), வாத்தியத்துக்கு முன்னால் வாய்ப்பாட்டு என்றார். அவர் பெயரில் வளர்ந்த முறையில் ஒவ்வொரு ஸ்வரத்துக்கும் ஒரு கைச்சைகை உண்டு. ஜப்பானின் ஷினிச்சி சுஸுகி, தாய்மொழியைப் போலவே கேட்டுக் கேட்டு இசையைக் கற்கலாம் என்று நம்பினார். பெற்றோரையும் வகுப்பில் உட்கார வைத்தார். ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் வழி எனக்கு மிகவும் பிடித்தது. அதில் பயன்படும் சைலஃபோன், குச்சியால் தட்டி வாசிக்கும் மரக்கட்டை வாத்தியம். அதன் கட்டைகளைக் கழற்றி மாட்டலாம். 'எஃப்', 'பி' இரண்டையும் எடுத்துவிட்டால் மிஞ்சுவது நம் மோகன ராகத்தின் ஐந்து ஸ்வரங்கள். பிள்ளை எங்கே தட்டினாலும் காதை உறுத்தாது, பயம் போய்விடும். இவற்றுக்கெல்லாம் குறுகிய காலப் பயிற்சிகள் நடக்கின்றன. ஒன்றில் சேர்ந்தாலே வகுப்பைப் பார்க்கும் கண் மாறும்.

வருமானம் பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பத்தில் ஒரே இடத்தில் முழுநேர வேலை கிடைப்பது கஷ்டம். மழலையர் பள்ளியில் சில மணி நேரம், வீட்டில் ஒரு சிறு குழு என்று சேர்த்துத்தான் சம்பாதிக்க வேண்டியிருக்கும். பள்ளியில் நிரந்தர வேலை வேண்டுமென்றால், பல இடங்களில் ஆசிரியர் பயிற்சிப் பட்டமும் கேட்பார்கள். அதனால் பட்டப்படிப்பை நடுவில் விட வேண்டாம். இன்னொன்று, குரல். நாள் முழுக்கப் பிள்ளைகளோடு சேர்ந்து பாடினால் தொண்டை தாங்காது. பாடிக் காட்டிவிட்டுக் கேட்கும் பழக்கத்தை இப்போதே வளர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

பணம் கட்டிப் பயிற்சியில் சேரும் முன், மூன்று மாதம் ஒரு நல்ல ஆசிரியரின் வகுப்பில் உதவிக்குப் போகட்டும். பிறகு தெரிந்த பிள்ளைகள் நாலு பேரை உட்கார வைத்து அரை மணி நேரம் எடுக்கட்டும். அதைப் போனில் பதிவு செய்து, எத்தனை நிமிடம் மகள் பேசினாள், எத்தனை நிமிடம் பிள்ளைகள் பாடினார்கள் என்று இருவரும் உட்கார்ந்து கணக்கிடுங்கள். அந்தக் கணக்கோடு எனக்கு மறுபடி எழுதுங்கள். எந்தப் பயிற்சி பொருந்தும் என்று அப்போது முடிவு செய்யலாம்.