கீபோர்டு செட்டிங், தமிழ் டைப்பிங்: கேளுங்க, சொல்றேன்

தமிழ் டைப்பிங், வேலை செய்யாத கீ, எடம் மாறிப்போன கீ, எதுவா இருந்தாலும் கேளுங்க. கேக்கும்போது விண்டோஸா லினக்ஸா, லேப்டாப்பா தனி கீபோர்டான்னு சேத்து சொல்லிடுங்க, பாதி பதில் அதுலயே கிடைச்சிடும்.

கேள்வி: அக்கா, விண்டோஸ் 11ல தமிழ் லாங்வேஜ் ஆட் பண்ணேன். ஆனா இங்கிலீஷ் ஏ கீயை அடிச்சா ஓகாரக் குறி வருது, டி கீயை அடிச்சா புள்ளி வருது. கீபோர்டு கெட்டுப்போச்சா?

கெடல தம்பி. தமிழ்னு ஆட் பண்ணதும் விண்டோஸ் தானா குடுக்கறது இன்ஸ்கிரிப்ட் லேஅவுட், அதாவது எந்த கீக்கு எந்த எழுத்துங்கிற அமைப்பு. இந்திய மொழி எல்லாத்துக்கும் பொதுவா வகுத்தது அது, இந்தில க எங்க இருக்கோ தமிழ்லயும் அங்கதான் க இருக்கும். ரெண்டு மூணு இந்திய மொழி அடிக்கறவங்களுக்கு உபயோகம், நமக்கு அவ்வளவா ஒத்து வராது. செட்டிங்ஸ்ல டைம் அண்ட் லாங்வேஜ், அதுல லாங்வேஜ் அண்ட் ரீஜன், தமிழ் பக்கத்துல இருக்கிற மூணு புள்ளியைத் தொட்டு லாங்வேஜ் ஆப்ஷன்ஸ் போங்க. ஆட் எ கீபோர்டு குடுத்தா தமிழ் 99 (தமிழுக்குன்னே செஞ்ச லேஅவுட்), தமிழ் அஞ்சல் (ஒலிப்படி ஆங்கில எழுத்துல அடிக்கறது) ரெண்டும் லிஸ்ட்ல இருக்கும், வேணுங்கிறதை எடுத்துட்டு பழைய இன்ஸ்கிரிப்டை அதே பக்கத்துல ரிமூவ் பண்ணிடுங்க. இதை மறக்காதீங்க, இல்லன்னா விண்டோஸ் கீயும் ஸ்பேஸும் சேத்து அடிச்சு மொழி மாத்தும்போதெல்லாம் அது நடுவுல வந்து நிக்கும்.

கேள்வி: நான் அம்மான்னு ஆங்கிலத்துல அடிச்சா தமிழ்ல வர்ற மாதிரி ஃபொனெடிக்லதான் அடிக்கிறேன். தமிழ்99 கத்துக்கறதுல நிஜமாவே பலன் இருக்கா?

இருக்கு, நிறைய தமிழ்ல எழுதறவங்களா இருந்தா கண்டிப்பா இருக்கு. ஃபொனெடிக்ல நீங்க தமிழ்ல யோசிச்சதை ஒரு தடவை ஆங்கில எழுத்தா மாத்தி அப்புறம் அடிக்கறீங்க, ந ண ன மூணுக்கும் எந்த எழுத்து, ல ள ழ மூணுக்கும் எதுக்கு ஷிஃப்ட்னு கை நின்னு நின்னு போகும். தமிழ்99ல 12 உயிர், 18 மெய், ஒரு ஆய்தம் எல்லாத்துக்கும் தனித்தனி கீ, ஒண்ணுக்குமே ஷிஃப்ட் வேண்டாம், ஷிஃப்ட் வர்றது ஸ, ஜ, ஹ மாதிரி கிரந்த எழுத்துக்கு மட்டும்தான். இடது கைப் பக்கம் உயிர், வலது கைப் பக்கம் மெய், அதனால ரெண்டு கையும் மாத்தி மாத்தி ஓடும். க, ப, ம, த, ந, ய ஆறும் வலது கை நிக்கிற நடு வரிசையிலயே இருக்கு. 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி உருவாகி தமிழ்நாட்டு அரசு தரமா ஏத்துக்கிட்ட லேஅவுட் இது, தமிழ் எப்படி எழுதறோம்னு பாத்து செஞ்சிருக்காங்கன்னு அடிச்சுப் பழகினாத்தான் தெரியும்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்சது தானா விழற புள்ளி. அம்மாவுக்கு இங்கிலீஷ் கீ ஏ, கே, கே, கியூ, நாலே தட்டு. ம ரெண்டு தடவை வந்ததும் முதல் ம-க்கு அதுவே புள்ளி வச்சிடும். பட்டம் வேணும்னா ஜே, ஓ, ஓ, கே, எஃப். கடைசில வர்ற எஃப்தான் புள்ளி, அது இடது ஆள்காட்டி விரல் நிக்கிற எடம். ங-க்குப் பின்னாடி க, ஞ-க்குப் பின்னாடி ச, ண-க்குப் பின்னாடி ட, இப்படி இன எழுத்து வந்தாலும் புள்ளி தானா விழும், சிங்கம் அடிக்க ங-க்கு நீங்க புள்ளி வைக்க வேண்டாம். புள்ளி வேண்டாத எடத்துல நடுவுல ஏ, அதாவது அ-வைத் தட்டணும். பப்பாளி அடிக்கிறப்ப முதல் ப போட்டு ஒரு அ தட்டிட்டுத்தான் அடுத்த ப-வுக்குப் போகணும், இல்லன்னா ஆரம்பமே ப்ப-ன்னு வந்துடும்.

எந்த மென்பொருள் போட்டாலும் முதல்ல அம்மா அடிச்சு புள்ளி தானா விழுதான்னு பாருங்க. விழலன்னா அதை விட்டுட்டு என்ஹெச்எம் ரைட்டர் இல்லன்னா இ-கலப்பை போட்டுக்குங்க. மேக்ல அஞ்சல், தமிழ்99 ரெண்டும் சிஸ்டத்தோடவே வருது. ஆரம்பத்துல கொஞ்ச நாள் எரிச்சலா இருக்கும், விட்டுடாதீங்க.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற அலுவலக உதவியாளர். இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் முடித்தவன். கம்ப்யூட்டரில் எல்லாம் புதிதாகப் பழக வேண்டுமா அம்மா?

வேண்டவே வேண்டாம் ஐயா. யாழ்ப்பாணத்துல பிறந்த ஆர். முத்தையா உருவாக்கின தமிழ் தட்டச்சு விசை அமைப்பு வழி வந்த பழக்கம் உங்க கையில இருக்கு, அதை ஏன் விடணும். என்ஹெச்எம் ரைட்டர்ல பழைய டைப்ரைட்டர் லேஅவுட் இருக்கு, அதைத் தேர்ந்தெடுத்தா போதும். ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. மெஷின்ல கொம்பை முதல்ல அடிச்சுட்டு அப்புறம் க அடிப்பீங்க, கம்ப்யூட்டர் யூனிகோடுல (எல்லா கம்ப்யூட்டருக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறை) சேமிக்கறது அப்படி இல்ல, முதல்ல க, அதுக்குப் பின்னாடி கொம்பு. அந்த வரிசையை மாத்திக் குடுக்கற வேலையை மென்பொருள் பாத்துக்கும். ஆனா அழிக்கும்போது வித்தியாசம் தெரியும். கொ-வுல பேக்ஸ்பேஸ் ஒரு தடவை அடிச்சா கால் மட்டும் போகாம கொம்பும் சேந்து போகலாம். பயப்படாதீங்க, அந்த எழுத்தை முழுசா அழிச்சுட்டு திருப்பி அடிச்சிடுங்க.

கேள்வி: அக்கா, நான் வவுனியா. பாமினியிலதான் பழகினனான். வேர்டில வடிவா இருக்கு, அதை மெயிலில போட்டா இங்கிலீஷ் எழுத்தாத் தெரியுது. என்ன செய்யலாம்?

பாமினிங்கிறது ரெண்டு விஷயம் தங்கச்சி, ஒண்ணு எழுத்துரு, இன்னொண்ணு கீ எங்கெங்க இருக்குங்கிற லேஅவுட். பாமினி எழுத்துருல நீங்க அடிக்கறது உள்ளுக்குள்ள ஆங்கில எழுத்துதான், மேல தமிழ் உருவம் போத்தியிருக்கும், அந்த எழுத்துரு இல்லாத எடத்துக்குப் போனதும் உள்ள இருக்கறது வெளிய தெரியுது. கை பழகின லேஅவுட்டை விட வேண்டாம், எழுத்துருவை மட்டும் விடுங்க. இ-கலப்பை, என்ஹெச்எம் ரைட்டர் ரெண்டுலயும் பாமினி லேஅவுட்லயே யூனிகோடு அடிக்கலாம், அதை எங்க ஒட்டினாலும் தமிழாவே தெரியும். பழைய கோப்புகளை பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாத்தற கன்வெர்ட்டர்ல போட்டு எடுத்துக்குங்க. மாத்தினதும் ஒரு தடவை முழுசா வாசிச்சுப் பாருங்க, நடுவுல ஆங்கிலச் சொல் இருந்தா அதுவும் தமிழ் எழுத்தா மாறி உருத்தெரியாம கிடக்கும்.

கேள்வி: ஷிஃப்ட் 2 அடிச்சா அட் குறிக்கு பதிலா மேற்கோள் குறி வருது. மெயில் ஐடி கூட அடிக்க முடியல.

யுகே லேஅவுட் ஏறியிருக்கு. அதுல அந்த ரெண்டும் எடம் மாறி இருக்கும். லாங்வேஜ் பக்கத்துல இங்கிலீஷ் யுனைடெட் கிங்டம் இருந்தா எடுத்துட்டு இங்கிலீஷ் இந்தியாவோ யுஎஸ்ஸோ வச்சுக்குங்க. லாகின் திரைல பாஸ்வேர்டு தப்புன்னு வந்தாலும் காரணம் பல நேரம் இதான், சிஸ்டத்துக்குள்ள மாத்தினது அங்க மாறியிருக்காது. அட்மினிஸ்ட்ரேட்டிவ் லாங்வேஜ் செட்டிங்ஸ்ல காப்பி செட்டிங்ஸ் குடுத்து வெல்கம் ஸ்கிரீனை டிக் பண்ணா அங்கயும் சரியாயிடும்.

கேள்வி: ரூபாய் குறி எப்படி அடிக்கறது?

இங்கிலீஷ் இந்தியா லேஅவுட் வச்சிருந்தா வலது ஆல்ட்டும் 4ம் சேத்து அடிங்க, ₹ வரும். சில கீபோர்டுல 4 மேலயே அச்சடிச்சிருப்பாங்க, ஆனா லேஅவுட் யுஎஸ்ஸா இருந்தா அடிச்சாலும் வராது. 2010க்கு முந்தின எழுத்துருல அந்தக் குறியே கிடையாது, கட்டம் மட்டும் தெரிஞ்சா எழுத்துருவை மாத்திப் பாருங்க.

கேள்வி: லேப்டாப்ல ஜே கே எல் அடிச்சா 1 2 3 வருது, தமிழ்ல ப ம த எதுவும் வரல.

நம்லாக் ஆன் ஆயிருக்கு. எஃப்என் கீயைப் பிடிச்சுக்கிட்டு நம்லாக்கை ஒரு தடவை தட்டுங்க. சின்ன லேப்டாப்ல தனி நம்பர் பேட் கிடையாதே, அதனால வலது பக்க எழுத்துகளையே எண்ணா மாத்தி வச்சிருப்பாங்க.

கேள்வி: எல் கீ உடைஞ்சு போச்சு. இப்போதைக்கு வேற கீயை எல்-ஆ மாத்த முடியுமா? அப்படியே எஃப்என் கீயையும் கன்ட்ரோலா மாத்தணும்.

தமிழ்99ல த-வே அங்கதானே இருக்கு, அது இல்லாம ஒரு வரி எழுத முடியாது. மைக்ரோசாஃப்ட்டோட பவர்டாய்ஸ் இலவசம்தான், அதுல கீபோர்டு மேனேஜர் திறந்து நீங்க தொடாத ஏதாவது ஒரு கீயை, கேப்ஸ்லாக்கைக்கூட, எல்-ஆ மாத்திக்கலாம். ஆனா பவர்டாய்ஸ் ஓடிக்கிட்டு இருந்தாத்தான் அது வேலை செய்யும், லாகின் திரைல செய்யாது. பாஸ்வேர்டுல எல் இருந்தா மாட்டிக்குவீங்க. அதுக்கு ஷார்ப்கீஸ்னு சின்ன மென்பொருள் இருக்கு, விண்டோஸ் தன் செட்டிங்கை வச்சிருக்கிற ரெஜிஸ்ட்ரிலயே எழுதிடும், ஒரு தடவை ரீஸ்டார்ட் பண்ணா லாகின் திரைலயும் மாறியிருக்கும்.

எஃப்என் கதை வேற. கீயை அழுத்தினா அதோட எண் சிஸ்டத்துக்குப் போகும், லேஅவுட் அதை எழுத்தா மாத்தும், அதுக்கு மேல தமிழ் மென்பொருள் எழுத்துகளைச் சேக்கும், மூணு அடுக்கு. எஃப்என் பெரும்பாலான லேப்டாப்ல முதல் அடுக்குக்கே வர்றதில்ல, கீபோர்டுக்குள்ளயே முடிஞ்சிடுது, அதனால விண்டோஸுக்குள்ள எந்த மென்பொருள் போட்டாலும் மாத்த முடியாது. பயாஸ்ல, அதாவது விண்டோஸ் ஏறதுக்கு முன்னாடி வர்ற செட்டிங் திரைல, எஃப்என்னையும் கன்ட்ரோலையும் எடம் மாத்தற ஆப்ஷன் சில மாடல்ல உண்டு, அங்க பாருங்க.

கேள்வி: உபுண்டுல தமிழ்நெட்99னு லேஅவுட் போட்டேன், புள்ளி தானா விழவே இல்ல. கேப்ஸ்லாக்கை கன்ட்ரோலா மாத்தவும் ஆசை.

இதுவும் அடுக்கு விஷயம்தான். நீங்க எடுத்தது வெறும் லேஅவுட், ஒரு கீக்கு ஒரு எழுத்துன்னு குடுக்கும், முன்னாடி என்ன அடிச்சீங்கன்னு அதுக்குத் தெரியாது. புள்ளி தானா விழணும்னா முந்தின எழுத்தைப் பாக்கணும், அதை ஐபஸ்ங்கிற லினக்ஸ் டைப்பிங் மென்பொருள் செய்யும். ஐபஸ்-எம்17என் பேக்கேஜை இன்ஸ்டால் பண்ணி, லாக்அவுட் ஆகி திரும்பி வந்து, இன்புட் சோர்ஸ்ல எம்17என்-னு போட்டிருக்கிற தமிழ்99ஐ எடுங்க. ரெங்கநாதன் லேஅவுட் வேணுங்கிற இலங்கை ஆட்களுக்கும் அதுல இருக்கு. கேப்ஸ்லாக்குக்கு க்னோம் ட்வீக்ஸ்ங்கிற மென்பொருளைத் திறந்து கீபோர்டு, அடிஷனல் லேஅவுட் ஆப்ஷன்ஸ், அங்க கேப்ஸ்லாக் பிஹேவியர்ல இன்னொரு கன்ட்ரோலா ஆக்குன்னு ஒரு வரி இருக்கும். அங்க இருக்கும்போதே வலது ஆல்ட்டை கம்போஸ் கீயா (அடுத்து அடிக்கற ரெண்டு கீயையும் ஒரே குறியா சேக்கற கீ) வச்சுக்குங்க, கம்போஸ் தட்டி 1, 2 அடிச்சா ½ வரும், ஓ ரெண்டு தடவை அடிச்சா டிகிரி குறி வரும்.

கேள்வி: புது லேப்டாப்ல வலது கன்ட்ரோல் இருந்த எடத்துல மைக்ரோசாஃப்ட்டோட ஏஐ உதவியைத் திறக்கற கோபைலட் கீ இருக்கு. அதை பழையபடி கன்ட்ரோலா மாத்த முடியுமா?

2024லேர்ந்து வர்ற நிறைய மாடல்ல அப்படித்தான். அது தனி கீ இல்ல, விண்டோஸ், ஷிஃப்ட், எஃப்23 மூணையும் சேத்து அனுப்புது. அதனால பவர்டாய்ஸ்ல ரீமேப் எ கீ பக்கத்துல தேடாம, ரீமேப் எ ஷார்ட்கட் பக்கம் போய் அந்த மூணையும் சேத்துப் பிடிச்சு வலது கன்ட்ரோலுக்கு மாத்துங்க.

கேள்வி: கட்டுரைல கௌரவம்னு தேடினா பாதி எடத்துல கண்டுபிடிக்க மாட்டேங்குது, கண்ணுக்கு எல்லாம் ஒண்ணாத்தான் தெரியுது.

நல்ல கேள்வி, புரூஃப் பாக்கறவங்க எல்லாரும் இதைத் தெரிஞ்சு வச்சுக்கணும். கண்டுபிடிக்காத எடத்துல ஔகாரக் குறிக்கு பதிலா கெ போட்டு பக்கத்துல ள-வை அடிச்சிருக்காங்க. பாக்க ஒண்ணுபோல இருக்கும், கம்ப்யூட்டருக்கு அது கெ, ள-ன்னு ரெண்டு எழுத்து, சத்தமா வாசிக்கற மென்பொருள்ல போட்டா கெளரவம்னு ள-வோட வாசிக்கும், பார்வை இல்லாதவங்க அப்படித்தான் கேக்க வேண்டியிருக்கு. ஔவையார் எழுதும்போதும் இதே தப்பு, ஒ-வும் ள-வும் தனித்தனியா அடிக்கறாங்க. தமிழ்99ல இசட் கீதான் ஔ, தனியா அடிச்சா ஔ, க-வுக்குப் பின்னாடி அடிச்சா கௌ. ஏற்கனவே இருக்கற கோப்புல ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போடுங்க, ஆனா ரீப்ளேஸ் ஆல் குடுக்காதீங்க, வெள்ளம், கெளுத்தின்னு நிஜமாவே எகரத்துக்குப் பின்னாடி ள வர்ற சொல்லும் தப்படிச்ச சொல்லும் கலந்து கிடக்கும், வெள்ளம் வௌ்ளமா மாறிடும். ஒவ்வொண்ணா பாத்து மாத்துங்க.