அம்மாவின் நோய் எனக்கும் வருமா?

கேள்வி: டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கிறேன், வயது 36. பெரியம்மா (அம்மாவின் அக்கா) 49 வயதில் சினைப்பைப் புற்றுநோயால் காலமானார். அம்மா மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று நலமாக இருக்கிறார். சினைப்பைப் புற்றுநோயைக் கண்டறியச் செய்த என் சிஏ 125 இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சரியாக உள்ளன. கவலையை விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, அந்த இரண்டு முடிவுகளை மட்டும் நம்பி இருந்துவிடாதீர்கள். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைப் பல ஆண்டுகள் கவனித்த ஆய்வில், இப்பரிசோதனைகளால் சினைப்பைப் புற்றுநோய் மரணங்கள் குறையவில்லை என்று 2021இல் தெரியவந்தது. இவ்வகைப் புற்றுநோய்களில் பெரும்பாலானவை கருக்குழாயின் நுனியில், விரல்கள் போல விரிந்து சினைப்பையைத் தொடும் பகுதியில், ஸ்கேனுக்குப் புலப்படாத சிறு புள்ளியாகத் தொடங்குவதாக இன்று கருதுகிறோம்.

மார்பகப் புற்றுநோய்க்கும் சினைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகப் பரம்பரையாக வருவது பெரும்பாலும் பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவின் பழுதான பிரதி. டிஎன்ஏவில் ஏற்படும் முறிவுகளைச் செப்பனிடும் புரதத்தை, மற்றொரு பெற்றோர் தந்த நல்ல பிரதி தொடர்ந்து உருவாக்கிக்கொண்டிருக்கும். ஏதோ ஒரு செல்லில் அதுவும் கெட்டுவிட்டால் செப்பனிடும் வேலை அங்கே குலைந்து, பிழைகள் சேரத் தொடங்கும். பிஆர்சிஏ பழுதுள்ள பெண்களின் கருக்குழாய்த் திசு, நுண்ணோக்கியில் இயல்பாகத் தோன்றினாலும், மாதவிடாய்ச் சுழற்சியின் பிற்பாதியில் அதன் மரபணு வெளிப்பாடு, அதாவது எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்பது, புற்றுநோய்த் திசுவை ஒத்திருந்ததை டொராண்டோ ஆய்வாளர்கள் 2008இல் கண்டார்கள். பொதுவாக நூறு பெண்களில் ஒருவர் அல்லது இருவருக்கு வரும் சினைப்பைப் புற்றுநோய், 80 வயதுக்குள் பிஆர்சிஏ1 பழுதுள்ளவர்களில் நூற்றுக்குச் சுமார் 44 பேருக்கும் பிஆர்சிஏ2 பழுதுள்ளவர்களில் சுமார் 17 பேருக்கும் வருகிறது.

மரபணுப் பரிசோதனையை முதலில் உங்கள் அம்மாவுக்குச் செய்யச் சொல்லுங்கள். அவருக்குப் பழுது இருந்தால் உங்களுக்கு வர வாய்ப்பு பாதிக்குப் பாதி. அவரிடம் உள்ள அந்தப் பழுது உங்களிடம் இல்லையென்றால் மற்றப் பெண்களுக்கு உள்ள அபாயமே உங்களுக்கும். அவரைச் சோதிக்காமல் உங்களுக்கு மட்டும் 'இல்லை' என்று வரும் முடிவு முழு ஆறுதல் தராது.

உங்களுக்கும் அந்தப் பழுது இருந்தால், பிள்ளைப்பேறு முடிந்தபின், பிஆர்சிஏ1க்கு 35 முதல் 40, பிஆர்சிஏ2க்கு 40 முதல் 45 வயதுக்குள் கருக்குழாய்களையும் சினைப்பைகளையும் அகற்றுவதே நம்பகமான தடுப்பு. மாதவிடாய் உடனே நின்றுவிடும். எலும்பும் இதயமும் பாதிக்கப்படலாம் என்பதால் ஹார்மோன் சிகிச்சை பற்றி முன்கூட்டியே பேசுங்கள்.

நம் வீடுகளில் "வயிற்றுக் கட்டி" என்று சொல்லி மூடிவைத்த மரணங்கள் பல. புரட்டாசியில் குடும்பம் கூடும்போது அப்பா வழியையும் சேர்த்து யாருக்கு, எந்த வயதில், என்ன நோய் என்று கேட்டு எழுதி, அந்தத் தாளுடன் மரபியல் ஆலோசகரைப் பாருங்கள்.