ஜிர்கோனியா கேப் எதிரே இருக்கும் சொந்தப் பல்லைத் தேய்த்துவிடுமா?

கேள்வி இதுதான்: “கீழ்க் கடைவாய்ப் பல்லில் ரூட் கேனால் முடிந்துவிட்டது. ஜிர்கோனியா கேப் போடலாம் என்கிறார் டாக்டர். அது எனாமலைவிடப் பல மடங்கு கடினம், மேலே இருக்கும் உங்கள் சொந்தப் பல்லை அரைத்துவிடும் என்று தெரிந்தவர் ஒருவர் பயமுறுத்துகிறார். பீங்கான் கேப் போட்டால் பாதுகாப்பா?”

முதலில் நேரடியான பதில். நன்றாகப் பாலிஷ் செய்த ஜிர்கோனியா (பல் நிறத்தில் வரும், மிகக் கடினமான ஒரு செராமிக்), உங்கள் மேல் பல்லுக்குப் பீங்கானைவிட நல்லது. பாலிஷ் சரியில்லை என்றால் அதே ஜிர்கோனியா கெடுதல். நான் பல் மருத்துவம் பார்ப்பவன். கேப் பொருத்துகிற நாளில் எனக்கு அதிக நேரம் பிடிக்கிற வேலையும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் நண்பர் சொன்ன கணக்கில் தவறில்லை. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவுகோலில், பல்லின் மேல் ஓடான எனாமலின் கடினம் 300 முதல் 400 வரை வரும். ஜிர்கோனியா 1200-ஐத் தாண்டும். கேப் செய்யப் பயன்படும் பீங்கான் அதில் ஏறக்குறைய பாதி, அல்லது அதற்கும் கீழே. இதை மட்டும் வைத்துப் பார்த்தால் ஜிர்கோனியாதான் எனாமலை அதிகம் தின்ன வேண்டும். ஆனால் ஆய்வகத்தில் எனாமலோடு உரசவிட்டுப் பார்த்த சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்த முடிவு வேறு. பாலிஷ் செய்த ஜிர்கோனியாவுக்கு எதிரே எனாமல் குறைவாகத் தேய்கிறது, பீங்கானுக்கு எதிரே அதிகமாகத் தேய்கிறது. வாயில் கேப் போட்டு அளந்து பார்த்தவற்றிலும் பாலிஷ் செய்த ஜிர்கோனியாவின் எதிர்ப் பல், சாதாரணமாகப் பல்லோடு பல் உரசித் தேய்வதற்குக் கிட்டத்தட்டச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோதான் தேய்ந்திருக்கிறது.

ஏன் இப்படி? தேய்மானத்தைத் தீர்மானிப்பது மேற்பரப்பின் சொரசொரப்பு. எவ்வளவு கடினமான பொருளாக இருந்தாலும் பரப்பு வழவழப்பாக இருந்தால் எதிர்ப் பல் அதன்மேல் வழுக்கிப் போய்விடும். பீங்கானிலோ கண்ணாடித் தன்மையுள்ள பகுதியும் அதற்குள் பொதிந்த படிகத் துகள்களும் உண்டு. மெல்லும் அழுத்தத்தில் அந்தக் கண்ணாடிப் பகுதியில் நுண்ணிய விரிசல் விழுந்து சின்னச் சின்னச் சில்லுகளாகப் பெயர்கிறது. பெயர்ந்த இடத்தில் கூரான விளிம்பு நிற்கும். பெயர்ந்த சில்லும் இரண்டு பற்களுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு எனாமலைக் கீறும். ஜிர்கோனியாவின் படிகங்கள் மிக நுண்ணியவை, நெருக்கமானவை. அது சுலபத்தில் பெயர்வதில்லை. பாலிஷ் ஏறிவிட்டால் நீண்ட நாள் அப்படியே நிற்கும்.

இந்த நல்ல குணம் அப்படியே எதிராகவும் திரும்பும். சொரசொரப்பாக விட்ட ஜிர்கோனியாவும் தேயாமல் அப்படியே நிற்கும். அப்போது உங்கள் மேல் பல்லுக்கு எதிரே உப்புத்தாளை ஒட்டிவைத்த கதைதான்.

கேப் பொருத்துகிற அன்று என்ன நடக்கிறது என்று பாருங்கள். லேபிலிருந்து வரும் கேப் பளபளவென்றுதான் வரும். பெரும்பாலும் அந்தப் பளபளப்பு மேலே பூசிச் சூளையில் சுட்ட கிளேஸ் என்ற மெல்லிய கண்ணாடிப் படலம். கேப்பை வைத்து, நிறத் தாளை நடுவில் கொடுத்துக் கடிக்கச் சொல்வோம். உயரமாக இருக்கும் இடத்தில் நிறம் ஒட்டும். அந்த இடத்தை வைர பர் (வைரத் துகள் பதித்த, சுழலும் சிறு முனை) கொண்டு லேசாக இழைப்போம். இப்போது கிளேஸ் போன இடம் எது? எதிர்ப் பல் வந்து மோதுகிற அதே புள்ளி! கேப்பின் மற்ற இடமெல்லாம் மின்னும், உரசல் நடக்கிற கடுகளவு இடம் மட்டும் பர் கீறலோடு இருக்கும். காற்றடித்து உலர்த்தி, உருப்பெருக்கி லூப் வழியாகப் பார்த்தால் அது மங்கலாக வெளுத்துத் தெரியும். கீறல்கள் வரிவரியாக ஓடும். கண்ணாடியில் நீங்கள் பார்த்தால் தெரியாது. நாக்கை அழுத்தி நகர்த்தினால் சில பேருக்குத் தட்டுப்படும்.

அந்த இடத்தைத் திரும்ப வழவழப்பாக்க, வைரத் துகள் கலந்த ரப்பர் பாலிஷர்கள் இருக்கின்றன. கரடான தரத்தில் தொடங்கி, மிக நைசான தரம் வரை ஒன்றன்பின் ஒன்றாக ஓட்ட வேண்டும். நடுவில் ஒரு தரத்தைத் தாண்டினால் முந்தைய கீறல் மறையாது. பீங்கானுக்கென்று உள்ள சாதாரண பாலிஷர் ஜிர்கோனியாவிடம் எடுபடாது, அதற்கென்றே உள்ளது வேண்டும். முடித்தபின் விளக்கின் ஒளி அந்தப் புள்ளியில் சிதறாமல் திரும்ப வேண்டும். சில நிமிட வேலைதான். கேப்பை ஒட்டும் முன்பே, கையில் பிடித்துச் செய்தால் இன்னும் நன்றாக வரும். மறுபடி கிளேஸ் பூசினால் போதாதா என்றால், உரசும் இடத்தில் கிளேஸ் சில மாதங்களில் தேய்ந்து போய்விடும். அடியில் பாலிஷ் இல்லையென்றால் அந்தச் சொரசொரப்பு வெளியே வந்துவிடும். அதனால் பல் உரசும் இடத்தில் கிளேஸைவிடப் பாலிஷைத்தான் நான் நம்புகிறேன்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஜிர்கோனியா கேப் என்று ஒரே பெயரில் இரண்டு வகை வரும். முழுக்க ஜிர்கோனியாவாலேயே கடைந்தது ஒன்று. உள்ளே ஜிர்கோனியா, வெளியே பீங்கான் பூச்சு என்பது இன்னொன்று. இரண்டாவதில் உங்கள் மேல் பல் சந்திப்பது பீங்கானைத்தான். கடைவாய்ப் பல்லுக்கு முதல் வகையைத்தான் நான் சொல்வேன், பூச்சு உடைந்து பெயரும் தொல்லையும் அதில் இல்லை.

மற்றப் பொருள்களைப் பற்றிச் சுருக்கமாக. எதிர்ப் பல்லிடம் மிக மென்மையாக நடந்துகொள்வது தங்கக் கலவை, நிறத்தால்தான் வழக்கொழிந்து வருகிறது. பல் நிறத்தில் அடைக்கும் காம்போசிட் (துகள் கலந்த பிசின்), எனாமலைவிடத் தானே சீக்கிரம் தேயும். முன்பு பெரிய குவார்ட்ஸ் துகள் கலந்து வந்தபோது, சுற்றியுள்ள பிசின் தேய்ந்து துகள்கள் துருத்தி நின்று எதிர்ப் பல்லைக் கீறின. இப்போதைய நுண்துகள் வகைகளில் அந்தப் பிரச்சினை மிகவும் குறைந்துவிட்டது. வெள்ளி நிற உலோக அடைப்பான அமால்கம் எனாமலைப் பெரிதாகத் தொந்தரவு செய்வதில்லை.

தேய்மானம் என்றாலே பதற வேண்டாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கேப்பே இல்லாத வாயிலும் கடைவாய்ப் பற்கள் மோதும் இடத்தில் ஆண்டுக்குச் சுமார் 30 மைக்ரான் (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) எனாமல் தேயும், முன்கடைவாய்ப் பல்லில் அதில் பாதி. பல்லின் முகட்டில் எனாமல் 2 மில்லிமீட்டருக்கு மேல் தடிமன் இருப்பதால் இது வாழ்நாளுக்குத் தாங்கும். இந்த வேகம் கூடினால்தான் சிக்கல். எனாமலை உருவாக்கிய செல்கள் பல் முளைத்து வெளிவரும்போதே அழிந்துவிடுவதால் போன எனாமல் திரும்ப வளராது. அடியில் இருக்கும் டென்டின் என்ற அடுக்கின் கடினம் அதே விக்கர்ஸ் அளவில் 60, 70 தான். அது வெளிப்பட்டதும் தேய்மானம் குழி விழுந்து வேகமெடுக்கும், கூச்சமும் தொடங்கும்.

வேகத்தைக் கூட்டுவதில் கேப்பைவிடப் பெரிய ஆட்கள் இரண்டு பேர். ஒன்று அமிலம். வாயின் பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் எனாமல் கரையத் தொடங்கும். அடிக்கடி புளிப்பேறிய நெஞ்செரிச்சல், நாள் முழுக்கக் குளிர்பானம் என்று இருப்பவர்களின் வாயில் ஒன்றைப் பார்க்கலாம்: பழைய ஃபில்லிங் சுற்றியுள்ள பல்லைவிட மேடாக நிற்கும். ஃபில்லிங் வளரவில்லை, சுற்றிலும் பல் கரைந்து இறங்கியிருக்கிறது. அப்படி இளகிய எனாமலின்மேல் கேப் உரசும்போது தேய்மானம் கூடுதலாகும். புளிப்பு ஏறியதும் தண்ணீரில் வாய் கொப்பளிப்பதே நல்ல உதவி. பீங்கான் கேப் இருப்பவர்கள் 1.23 சதவீத அமில ஃபுளோரைடு ஜெல் வைக்கும் முன் டாக்டரிடம் சொல்லுங்கள், அது பீங்கான் பரப்பை அரித்துச் சொரசொரப்பாக்கும். அமிலமில்லாத ஃபுளோரைடு இருக்கிறது.

இன்னொரு ஆள், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது. காலையில் தாடை வலியோடு எழுந்திருப்பவராக இருந்தால் கேப் விவாதத்துக்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள். இரவில் போட்டுக்கொள்ளும் அக்ரிலிக் காப்புத் தட்டு உங்கள் பல்லுக்குப் பதில் தான் தேயும்.

சரி, டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்? “முழு ஜிர்கோனியாவா, மேலே பீங்கான் பூச்சு உண்டா?” என்று கேளுங்கள். கடி சரிபார்த்து இழைத்த பிறகு, “இழைத்த இடத்தைப் பாலிஷ் செய்துவிட்டீர்களா டாக்டர்?” என்று கேளுங்கள். இதில் தயக்கம் வேண்டாம், அக்கறையோடு வேலை செய்கிற எந்த டாக்டரும் தப்பாக நினைக்க மாட்டார்.

ஏற்கனவே பீங்கான் கேப் போட்டவர்கள் பயந்து அதைக் கழற்ற வேண்டியதில்லை. அதையும் வாயிலேயே வைத்துப் பாலிஷ் செய்யலாம். அடுத்த செக்கப்பில் எதிர்ப் பல்லைத்தான் பார்க்கச் சொல்லுங்கள். தேய்ந்த முகம் வழவழப்பாக மின்னினால் கவலையில்லை. மங்கலாக, தாடை நகரும் திசையில் கீறல்களோடு தெரிந்தால் கேப்புக்குப் பாலிஷ் தேவை. வாய் ஸ்கேனர் உள்ள கிளினிக்காக இருந்தால், கேப் போட்ட வாரமே மேல் பற்களையும் ஒரு ஸ்கேன் எடுத்துக் கோப்பை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு எடுப்பதை இதன்மேல் பொருத்திப் பார்த்தால் எங்கே, எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.